ஒளியும் ஓர் உளி

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதை அப்படியே எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டதால், பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே இருக்கிறது.)



வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்து, மின்விசிறி சுற்றுகிற நேரத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். யாராவது கண்ணயர்ந்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் காலையில் நடந்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. நம் கல்லூரிப் பட்டறைக்கு ஒரு லேசர் வெட்டும் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாம் என்று சில அண்ணன்மார் முன்வந்திருக்கிறார்கள். அம்பத்தூரில் அதே இயந்திரத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில், பணம் கொடுப்பவர்களுக்கும் அதைத் தொடப் போகிற தம்பி தங்கைகளுக்கும் சேர்த்துச் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த இயந்திரத்தின் உள்ளே இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு லேசர், 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர். நம்மைப் போல ஒரு பட்டறையில் அரம் பிடித்துப் பழகியவராகத்தான் இருந்திருப்பார். அந்த ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாது. மரம், தோல், கண்ணாடி, அக்ரிலிக் எல்லாம் அதை நன்றாக உறிஞ்சிக் கொள்ளும். அதனால்தான் அது வெட்டுகிறது.

இந்த இயந்திரத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு. படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு பட்டனைத் தட்டினால் மறுபக்கம் பொருள் வந்து விழும் என்று. விழும், இல்லையென்று சொல்லவில்லை. எப்படிப்பட்ட பொருள் விழும் என்பதுதான் கேள்வி. நான் இரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். ஒன்று, ஒரு மரத்துக்குள் இன்னொரு மரத்தைப் பதிக்கும் இழைப்பு வேலை. இன்னொன்று, புகைப்படத்தை மரத்திலோ கல்லிலோ பொறிப்பது. மற்றதையெல்லாம் இந்த இரண்டும் தெரிந்தவன் தானே கற்றுக் கொள்வான்.

மைசூரில் ஈட்டி மரத்தில் செய்கிற பதிப்பு வேலையைப் பார்த்திருப்பீர்கள். யானை, மயில், கிராமத்துக் காட்சி. நூல் போன்ற ரம்பத்தால் கையால் அறுத்துப் பதிப்பார்கள். ஒரு காலத்தில் வெள்ளைப் பகுதிக்கு யானைத் தந்தம் வைத்தார்கள். தந்த வியாபாரத்துக்குத் தடை வந்த பிறகு வெளிர் மரமும் பிளாஸ்டிக்கும் வந்தன. அவர்கள் கண்ணில் இருக்கிற கணக்கை நாம் எண்ணில் போட வேண்டியிருக்கிறது. அந்த எண்ணின் பெயர் வெட்டு அகலம்.

லேசர் ஒரு கோட்டை வெட்டும்போது அந்தக் கோட்டில் இருந்த மரம் புகையாகப் போய்விடுகிறது. எவ்வளவு போகிறது? லென்ஸையும் மரத்தையும் பொறுத்து 0.1 முதல் 0.3 மி.மீ. வரை. இதைப் புத்தகத்தில் தேடாதீர்கள், உங்கள் இயந்திரத்தில் அளந்து பாருங்கள். ஒரு சுலபமான வழி உண்டு. 100 மி.மீ. நீளச் செவ்வகம் வரைந்து, அதை ஒன்பது குறுக்குக் கோடுகளால் பத்துத் துண்டாகப் பிரித்து வெட்டுங்கள். பிறகு அந்தப் பத்துத் துண்டையும் அதே ஓட்டைக்குள் வைத்து ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளினால், மறுபக்கம் ஓர் இடைவெளி தெரியும். வெர்னியரால் அளந்து 11-ஆல் வகுத்துவிடுங்கள். உள்ளே ஒன்பது கோடு, இரண்டு ஓரம், ஆக பதினொன்று. இடைவெளி 1.65 மி.மீ. இருந்தால் உங்கள் வெட்டு அகலம் 0.15. ஒற்றை வெட்டை அளந்தால் வெர்னியரின் பிழையே பாதியைத் தின்றுவிடும். பதினொன்றைச் சேர்த்து அளப்பதால் பிழை பதினொன்றாகப் பங்கு போகிறது.

இப்போது ஒரு நட்சத்திரத்தைப் பதிக்க வேண்டும். ஒரே வரைபடத்தை வைத்துத் துளையையும் துண்டையும் வெட்டினால் என்ன ஆகும்? துளை எல்லாப் பக்கமும் அரை வெட்டு அகலம் பெரிதாகும். துண்டு எல்லாப் பக்கமும் அரை அகலம் சிறிதாகும். இரண்டையும் கூட்டினால் ஓரம் முழுக்க ஒரு வெட்டு அகலம் சந்து விழும். பத்தடி தூரத்திலிருந்தே பல் போன வாய் மாதிரி தெரியும். அதற்குத்தான் துண்டின் வரைபடத்தை வெளிப்பக்கம் ஒரு வெட்டு அகலம் தள்ளி வரைய வேண்டும். எல்லா மென்பொருளிலும் இதற்கு வசதி இருக்கிறது. தள்ளும்போது மூலைகளை உருட்டிவிடாமல் கூர்மையாக வைக்கச் சொல்லுங்கள். ரூட்டர் இயந்திரத்தால் முடியாத ஒரு காரியம், உள்மூலையைக் கூர்மையாக எடுப்பது. லேசரால் அது முடியும். அந்த வசதியை மென்பொருளில் தொலைத்துவிடாதீர்கள்.

கணக்கு சரியாக இருந்தும் சிலருக்கு மேலே மெல்லிய சந்து தெரியும். ஏன்? ஒளிக்கற்றை நேர்க்கோடு இல்லை. லென்ஸிலிருந்து கூம்பாக இறங்கி, குவிந்து, மறுபடி விரிகிறது. வெட்டிய சுவரும் லேசாகச் சாய்ந்திருக்கும். பொதுவாக மேலே அகலம், கீழே குறுகல். துளையின் வாய் மேலே அகலமாகவும், வெட்டிய துண்டின் முகம் மேலே குறுகலாகவும் இருப்பதால், வெட்டியபடியே நேராகப் பதித்தால் இரண்டு குறையும் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் ஒன்று சேர்ந்துவிடும். அதனால் துண்டைக் கண்ணாடிப் பிம்பமாக, மரத்தின் பின்பக்கத்திலிருந்து வெட்டிப் புரட்டி வையுங்கள். இப்போது அகலமான முகம் மேலே வரும், குறுகலானது முதலில் உள்ளே போகும். பாட்டில் வாயில் கார்க் அடைப்பது போல இறுக்கமாக உட்காரும். இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எழுத்தைப் பதிக்க ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் நம் எழுத்துக்குப் போதாது. தமிழில் சுழி இருக்கிறதே! 'இ', 'ண', 'ழ' எதை எடுத்தாலும் உள்ளே ஒரு சிறு தீவு. வெட்டியவுடன் அந்தத் தீவு தனியே கழன்று, தேன்கூடு மாதிரி இருக்கிற மேசைக்குள் விழுந்து, குப்பைத் தட்டுக்குப் போய்விடும். வெனீருக்கு அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொண்டு, டேப் அறுபடாத அளவு சக்தியில் வெட்டினால் தீவுகள் அந்தந்த இடத்திலேயே நிற்கும். தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அழகான மெல்லிய கோட்டெழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு இருக்கட்டும்.

பள்ளத்தின் ஆழம் வெனீரின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். வெனீர் அரை மி.மீ.தான். அது மேலே மயிரிழை தூக்கி நின்றால் உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்திவிடலாம். பள்ளத்துக்குள் அமுங்கிப் போனால் சுற்றிலும் உள்ள பலகை முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். பள்ளத்தில் இருக்கிற கரியைப் பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுக்காமல் பசை போடாதீர்கள். பசை மரத்தில் பிடிக்காது, கரியில் பிடிக்கும். தேய்க்கும்போது அந்தக் கரி வெளிர் மரத்தின் துவாரங்களில் ஏறி, வெள்ளை மயில் சாம்பல் மயிலாகிவிடும். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் அதிகம் போட்டால் வெனீர் ஊறி உப்பும். கொஞ்சமாகத் தடவி, மேலே ஒரு சமமான பலகை வைத்து, கிடுக்கி போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்துப் பார்க்கிற கை, இந்த வேலைக்கு ஆகாது.

மரம் வாங்குவதில் ஒரு வேடிக்கை. கடைக்குப் போய், 'நல்ல வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் கொடுங்க' என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கி வருவார்கள். அதில் இருக்கிற பினாலிக் பசைதான் லேசருக்கு எதிரி. பசை கட்டியாக இருக்கிற இடத்தில் வெட்டாது, கரியாகும். நடுவில் மட்டும் ஒட்டிக் கொண்டிருக்கிற பலகையைப் பார்த்து, 'இயந்திரம் சரியில்லை' என்பார்கள். இயந்திரம் ஒழுங்காகத்தான் இருக்கிறது ஐயா!

இனி புகைப்படம். இதில்தான் எனக்குப் பொறுப்பு கூடுகிறது. ஏனென்றால் எங்கள் கடைக்குப் புகைப்படம் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இறந்துபோனவர்களின் படத்தோடு வருகிறார்கள்.

ஓர் அம்மா வந்தார்கள். அவருடைய தாயாரின் பழைய கலர்ப் படம், பாஸ்போர்ட் அளவு, ஓரம் மஞ்சளித்து நிறம் மங்கியது. அதைத் தவிர வேறு படம் கிடையாது. கறுப்புக் கல்லில் முகத்தைப் பொறித்து வீட்டில் வைக்க வேண்டும் என்றார். ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக மாற்றித் திரையில் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "தம்பி, எங்கம்மாவோட பொட்டு எங்கே?"

உண்மைதான். நெற்றியில் பொட்டு இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்ணின் முகத்தில் பொட்டில்லாமல் இருப்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கல்லை அப்படியே கொடுத்திருந்தால் அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க மாட்டார்.

காரணம் என்ன? மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரு விகிதத்தில் கலந்து சாம்பலாக மாற்றுகிறது. மங்கிப்போன குங்குமச் சிவப்பும் மாநிறத் தோலும் அந்தக் கலவையில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடும். ஆனால் பச்சை அலைவரிசையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், சிவப்புப் பொருளில் பச்சை குறைவு என்பதால் பொட்டு நல்ல கறுப்பாகத் தெரியும். அப்படியே எடுத்தேன். பொட்டு வந்தது. உதட்டுக் கோடும் சேர்ந்து தெளிந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் திரையை ஒரு தடவை துடைத்தார். தம்பி தங்கைகளே, எந்த மென்பொருளும் 'பொட்டைக் காணோம்' என்று எச்சரிக்கை தராது. படம் யாருடையதோ அவர்களை உட்கார வைத்துத் திரையில் காட்டி, சரி என்று வாங்கிக் கொண்டுதான் பொறிக்க வேண்டும்.

இப்போது புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். லேசருக்குச் சாம்பல் நிறம் தெரியாது. சுடும், அல்லது சுடாது. செய்தித்தாள் படம் போலப் புள்ளிகளின் நெருக்கத்தால்தான் நிழலைக் காட்ட முடியும். எந்தப் புள்ளியைச் சுடுவது என்று தீர்மானிக்கப் பல முறைகள் உண்டு. ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-ல் வெளியிட்ட முறை மிகப் பிரபலம். ஒரு புள்ளியில் வருகிற பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற முறை அது. அதே ஆண்டு ஜார்விஸ் குழுவினர் வெளியிட்ட முறை இன்னும் அகலமாகப் பங்கு போடும். முகத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கும், கன்னத்தில் கோலம் விழுவதில்லை.

சக்தியைக் கூட்டிக் குறைத்து நிழல் காட்டலாமே என்று கேட்பீர்கள். கண்ணாடிக் குழாய் லேசர் மிகக் குறைந்த சக்தியில் நிலையாக எரியாது. இருட்டும் வெளிச்சமும் வரும், நடுவில் இருக்கிற மென்மை வராது. மரத்துக்கும் கல்லுக்கும் புள்ளியே மேல்.

எத்தனை புள்ளி? இங்கேதான் பேராசை வரும். அங்குலத்துக்கு 600 புள்ளி போட்டால் இன்னும் தெளிவு என்று நினைப்பார்கள். இரண்டு அங்குல லென்ஸ் போட்ட சாதாரண இயந்திரத்தில் ஒளிப் புள்ளியின் அகலமே 0.1 மி.மீ.க்குக் குறையாது. 600 என்றால் 0.04 மி.மீ.க்கு ஒரு புள்ளி. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கன்னம், கண், மீசை எல்லாம் ஒரே கறுப்பு. 254 போதும். அதாவது மி.மீ.க்குப் பத்து. கணக்கும் சுலபம். 35 மி.மீ. அகலமுள்ள பாஸ்போர்ட் படத்தை 600-ல் ஸ்கேன் செய்தால் 827 புள்ளி கிடைக்கும். மி.மீ.க்குப் பத்து என்றால் 82 மி.மீ. அகலத்துக்கு நியாயமாகப் பொறிக்கலாம். 'இரண்டடிக்குப் போட்டுக் கொடுங்க' என்று கேட்டால், முடியும், ஆனால் முகத்தில் புதிதாக ஒன்றும் வராது என்று சொல்லிவிடுவது நல்லது. படத்தைச் சரியான அளவுக்கு மாற்றிய பிறகுதான் புள்ளியாக்க வேண்டும். புள்ளியாக்கிவிட்டுப் பெரிதாக்கினால் அத்தனையும் பாழ். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மரத்தில் ஒவ்வொரு புள்ளியும் திரையில் தெரிவதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே சுடும். எனவே நடுத்தர நிழலெல்லாம் கறுத்துவிடும். நம் ஆட்கள் நிறத்துக்கு இது முக்கியம். திரையில் முகம் 'கொஞ்சம் வெளுப்பா இருக்கே' என்று தோன்றுகிற அளவுக்கு வெளிச்சமாக்கி, கண்ணையும் முடியையும் கூர்மைப்படுத்தினால்தான் மரத்தில் சரியாக வரும். எவ்வளவு என்பதற்கு வெள்ளை முதல் கறுப்பு வரை பதினொரு கட்டங்கள் வரைந்து அதே பலகையின் துண்டில் சுட்டுப் பாருங்கள். எந்தக் கட்டத்துக்கு மேல் எல்லாம் ஒரே கறுப்பாகிறதோ, அதுவரைக்கும்தான் உங்கள் கையிருப்பு. தேக்கில் முகம் பொறிக்க வராதீர்கள். மரத்தின் ரேகையே முகத்தில் ஓடும். ரேகை குறைந்த வெளிர் மரம்தான் முகத்துக்கு ஏற்றது. கறுப்புக் கல்லிலும் கண்ணாடியிலும் எல்லாம் தலைகீழ். சுட்ட இடம் வெள்ளையாகும். எனவே படத்தின் வெளிச்சப் பகுதியைத்தான் சுட வேண்டும். மறந்தால் பாட்டி நெகடிவில் இருப்பார்.

வேகம் பற்றி ஒன்று. மலிவான கண்ணாடிக் குழாயும் அதன் மின்வழங்கியும் எரிந்து அணைய ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி எடுத்துக் கொள்ளும். தலை விநாடிக்கு 400 மி.மீ. வேகத்தில் ஓடினால் அதற்குள் 0.4 மி.மீ. நகர்ந்துவிடும். நான்கு புள்ளி தூரம்! கண்ணிமை கரைந்து போகும். 100 மி.மீ.க்கு இறக்குங்கள். அந்த அம்மாவின் கல்லுக்கு இருபது நிமிடம் போல ஆயிற்று. அதுவரை இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்தேன், எப்போதும் இருப்பேன். காரணத்தை இப்போது சொல்கிறேன்.

மரத்தைச் சுடுகிற பெட்டி எந்த நிமிடமும் தீப்பிடிக்கும். இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது கிடையாது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். பி.வி.சி. உள்ளே போகவே கூடாது. அதைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது. நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் தண்டவாளத்தையும் அரிக்கும். 'தோல்தான் சார்' என்று மாணவர்கள் கொண்டு வருவதில் பாதி ரெக்ஸின். ரெக்ஸின் பெரும்பாலும் பி.வி.சி. பூசியது. எது என்று தெரியாத பொருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு லேசருக்கு அக்ரிலிக் மூடி கண்ணைக் காக்கும். இப்போது மலிவாக வருகிற நீல டயோடு லேசருக்கு அந்தத் தெளிந்த மூடி ஒன்றும் செய்யாது. அதற்குரிய கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பணம் கொடுக்கிற அண்ணன்மாருக்கு. லேசர் குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் சக்தி குறையும், குழாயின் ஆயுளும் குறையும். அதற்காக 18 டிகிரிக்கு இறக்கினால் வேறு வினை. 32 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கிற நாளில் பனி நிலை சுமார் 28 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த குழாயின் மேல், ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி, வியர்க்கும். அதே குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். தண்ணீரை மட்டும் குளிர்வித்துத் தப்ப முடியாது, அறையின் ஈரத்தையும் குறைக்க வேண்டும். நம் பட்டறையில் தகரக் கூரையின் கீழ், லேத்துகளுக்கு நடுவில் இந்த இயந்திரத்தை வைத்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கொஞ்சம் சிறிய இயந்திரமாக வாங்குங்கள். மிச்சமாகிற பணத்தில் ஒரு சில்லர், கூரைக்கு மேலே போகிற புகைக்குழாய், ஏ.சி. போட்ட ஒரு சிறிய அறை, ஓர் உதிரி லென்ஸ், மூன்று உதிரிக் கண்ணாடிகள் வாங்கிக் கொடுங்கள். பட்டறை உதவியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு ஒரு மாதச் சம்பளத்தோடு எங்களைப் போன்ற ஒரு கடையில் பயிற்சிக்கு அனுப்புங்கள். எங்கள் கடைக்கே வரட்டும், நான் காசு வாங்க மாட்டேன். கல்வெட்டுப் பலகையில் கொடையாளர் பெயர் போட வேண்டுமென்றால் அதையும் அவரே இந்த இயந்திரத்தில் பொறித்துக் கொடுப்பார். சுழியெல்லாம் விழாமல்.

வெளியே மேசையில் நான் கொண்டு வந்த துண்டுகள் இருக்கின்றன. பதினொரு கோடு வெட்டிய சட்டம், நேராகப் பதித்த நட்சத்திரம், புரட்டிப் பதித்த நட்சத்திரம், 254-லும் 600-லும் பொறித்த ஒரே முகம். கையில் எடுத்துப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் காலையிலேயே லென்ஸ் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு டீ நேரத்தில் பதில் சொல்கிறேன்.